வியாழக்கிழமை அரைநாள்

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி மட்டும் நான் யாருக்கும் வேலைக்காரி இல்லை. இத்தாலியின் பலெர்மோவில் வீட்டோடு தங்கி வேலை செய்கிற எல்லாருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். ஞாயிறு முழுநாள், வியாழன் அரைநாள். மற்ற நேரமெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு எழும்ப வேண்டும்.

நான் பார்க்கிற சிஞ்ஞோராவுக்கு, அதாவது வீட்டம்மாவுக்கு, எண்பத்தேழு வயது. கால் நடக்காது, நாக்கு நன்றாக நடக்கும். வீடு போர்கோ வெக்கியோச் சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில். மகள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள், வேறு தெருவில் குடியிருக்கிறாள், நாளுக்கு ஒருதரம் வந்து தாயின் கன்னத்தில் கொஞ்சிவிட்டு என் குசினியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவாள். வெள்ளிக் கரண்டி அலுமாரியின் திறப்பு அவளுடைய கைப்பைக்குள் இருக்கிறது. மூன்று வருடமாகத் தாயைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறேன், கரண்டியைத் தர மாட்டாள்.

நான் வெளியே போகிற நேரத்தில் சிஞ்ஞோராவோடு யாராவது இருக்க வேண்டும். அந்த ஆளைப் பிடித்துக் கொடுப்பதும் நான்தான். இங்கே எங்கள் ஆட்களுக்குள் அதுதான் வழக்கம். ஊருக்குப் போகிறவள் தன் இடத்தில் இன்னொருத்தியை மாற்று ஆளாக வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது இடம் கிடைக்குமா என்பது மாற்று ஆளின் மனச்சாட்சியைப் பொறுத்தது. முந்தி வேலை செய்த வீட்டில் எனக்கு ஒருதரம் கிடைக்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கு மன்னாருக்குப் போய் நாற்பது நாள் கழித்து வந்து மணியடித்தேன். கதவைத் திறந்தவள் என்னுடைய ஏப்ரனைக் கட்டியிருந்தாள். "சிஞ்ஞோரா என்னை நிக்கச் சொல்லிட்டா அக்கா, நான் என்ன செய்ய?" என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள். அழுதால் மட்டும் என்ன?

அதனால் இந்தமுறை கவனமாக ஆள் பார்த்தேன். யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்துப் பெண் ஒருத்தி, வந்து இரண்டு வருடம்தான், நகரின் மறுபக்கம் பிரான்காச்சோவிலிருந்து பஸ் மாறி வருவாள். இத்தாலி மொழி அரைகுறை. அரைகுறை என்பதால்தான் பிடித்தேன். நல்லாய்க் கதைக்கத் தெரிந்தவளைக் கொண்டுபோய் சிஞ்ஞோராவுக்கு முன்னால் இருத்த எனக்கு விசரா? அப்படிப் பார்த்துப் பிடித்தும் நிம்மதி இல்லை. இரண்டு மணிக்கு வெளிக்கிட்டுக் கோயிலுக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போவேன். வியாழக்கிழமைகளில் அங்கே எங்கள் பெண்கள் பதினைந்து பேரளவில் கூடுவோம். தேத்தண்ணி, சிற்றுண்டி, கொஞ்சம் செபம், நிறையக் கதை. நாலு மணியானால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அவள் அங்கே என்ன செய்கிறாள்? சிஞ்ஞோராவின் தலையைத் தடவுகிறாளோ? சூப் வைத்துக் கொடுக்கிறாளோ? நாலரைக்கு எழும்பிவிடுவேன். ஐந்து மணிக்கு முன் என் திறப்பு கதவில் இருக்கும். வேறெங்கே போவது, கால் வலிக்கிறது, மழை வருகிறது என்று ஏதோ ஒரு சாட்டு.

அந்த அறைக்குத்தான் ஒருநாள் தமிழ்நாட்டுப் பிள்ளை வந்தாள். முப்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கம். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். பாதர் அனுப்பினார் என்றாள். கையில் கொப்பி, மேசையில் தொலைபேசியை வைத்து ஒலிப்பதிவுப் பொத்தானில் விரல்.

"அமெரிக்காவுல தொழிலாளிங்க எப்படி உரிமைகளை வாங்கினாங்க, அதுதான் அக்கா என் படிப்பு."

"அமெரிக்காவைப் படிக்க ஏன் பிள்ளை சிசிலிக்கு வந்தனீ?" என்று ஒருத்தி கேட்டாள். "பிளேன் மாறி ஏறிட்டியோ?"

"இங்கிருந்துதானே கப்பல் கப்பலா அங்க வேலைக்குப் போனாங்க. அவங்க எழுதின கடிதமெல்லாம் இங்கதான் இருக்கு."

"கப்பலோ? குடுத்துவைச்ச சனம். நாங்கள் லொறிக்குள்ள வந்தனாங்கள், தக்காளிப் பெட்டிக்குப் பின்னால."

எல்லாரும் சிரித்தோம். அந்தப் பிள்ளையும் சிரித்தாள், ஆனால் அதையும் கொப்பியில் எழுதினாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிலாளிப் பெண்களையும் இந்தக் காலத்து எங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதப் போகிறாளாம். எத்தனை மணித்தியாலம் வேலை, ஓய்வு உண்டா, வீட்டுக்காரர் எப்படி என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். "பயப்படாம பேசுங்கக்கா" என்றாள்.

ஊரில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனை ஜீப்பில் இருத்திவிட்டு, எங்களை அவனுக்கு முன்னால் வரிசையாக நடக்கவிடுவார்கள். அவன் தலையாட்டினால் ஆள் போனது போனதுதான். அதற்கு முன்னாலும் யாரோ ஒருவர் வீடு வீடாக வந்து, சிரித்துக் கதைத்து, பெயர் எழுதிக்கொண்டு போயிருப்பார். அப்படி வளர்ந்தவளிடம் கொப்பியோடு வந்து பயப்படாதே என்றால் அவள் என்ன செய்வாள்? பொய் சொல்வாள். நானும் சொன்னேன்.

"சிஞ்ஞோரா எனக்குத் தாய் மாதிரி. வேலை எண்டு ஒண்டும் பெரிசா இல்லை. வியாழக்கிழமை லீவுகூட எனக்குத் தேவையில்லை. அவவை விட்டுட்டு வர மனமில்லை."

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். எழுதினாள்.

அதோடு போய்விடுவாள் என்று நினைத்தேன். அடுத்த வியாழனும் வந்தாள், அதற்கடுத்ததும். எங்களிடம் கேட்டதற்குப் பதிலாகத் தன் படிப்பிலிருந்து கதை சொன்னாள். கதை நன்றாகத்தான் இருந்தது. அங்கே துணி ஆலைகளில் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் வேறு வேறு மொழிக்காரரை நிறுத்துவார்களாம், ஒருவரோடு ஒருவர் கதைக்க முடியாதபடி. எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் நித்திரை, மிச்ச எட்டும் எங்கள் விருப்பம் என்று கேட்டவர்களைச் சுட்டார்களாம், சிலரைத் தூக்கிலும் போட்டார்களாம். சட்டை தைக்கிற ஒரு தொழிற்சாலையில், பெண்கள் துணி களவெடுப்பார்கள் என்று சந்தேகப்பட்டுக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்களாம். தீப்பிடித்தபோது பிள்ளைகள் யன்னலால் குதித்தார்களாம். அதில் சிசிலியிலிருந்து போன பிள்ளைகளும். எனக்கு வெள்ளிக் கரண்டி அலுமாரி ஞாபகம் வந்தது.

இன்னொரு நாள், முதலாளிமார் சம்பளம் கொடுத்து ஒற்றர்களை வைத்த கதையைச் சொன்னாள். அந்த ஒற்றர்கள் தொழிலாளர் போலவே உடுத்து, சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து, எல்லாரையும் விடக் கோபமாகப் பேசி, இரவோடிரவாகப் பெயர்ப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம்.

"அப்ப உன்னை ஆர் அனுப்பினது பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "நல்ல கேள்விக்கா" என்றாள். நல்ல கேள்வி என்பவர்களை நான் நம்புவதில்லை. பதிலைத் தள்ளிவைக்கத்தான் அப்படிச் சொல்வார்கள்.

நான் விடவில்லை. "நீ சொல்லுறதெல்லாம் ஆலைக்காரர், சுரங்கக்காரர், தையல்காரர். வீட்டு வேலை செய்ததுகள் எங்கை?"

அப்போதுதான் அவள் கொப்பியை மூடினாள். வேலை நேரத்துக்கும் சங்கம் வைக்கிற உரிமைக்கும் அமெரிக்காவில் பெரிய சட்டங்கள் வந்தபோது, வீட்டு வேலை செய்கிறவர்களையும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களையும் வெளியே விட்டுவிட்டார்களாம். கூடுதலாகக் கறுப்பின மக்கள் செய்த வேலை அது. அதற்கும் வெகுகாலம் முன்பே, தெற்கில் ஒரு நகரத்தில் துணி தோய்க்கிற கறுப்பினப் பெண்கள் கோயில் கோயிலாகப் போய் ஆள் சேர்த்து, ஒருவரும் துணி எடுக்க மாட்டோம் என்று நின்றிருக்கிறார்கள். பிறகு ஒன்று சொன்னாள். அங்கே வீட்டு வேலை செய்த பெண்களுக்கும் ஓய்வு வியாழக்கிழமை பின்னேரம்தானாம்.

"பொய்" என்றேன்.

"சத்தியமா அக்கா. வியாழக்கிழமை சாயந்திரம் தெருவெல்லாம் அவங்கதான். ஆனா அது வழக்கம் மட்டும்தான். சட்டத்துல இல்ல. வீட்டம்மா இந்த வாரம் விருந்தாளி வர்றாங்கன்னு சொன்னா, போச்சு."

"எங்களுக்கு எழுத்தில இருக்கு" என்றாள் ஒருத்தி.

"ஆமா. உங்களுக்கு எழுத்துல இருக்கு."

அந்த வாரமே சிஞ்ஞோராவின் மகள் வந்தாள். தாயைக் கொஞ்சினாள், குசினியைச் சுற்றினாள், ஒரு தாளை மேசையில் வைத்தாள். வியாழக்கிழமை அரைநாளை நான் என் சொந்த விருப்பத்தில் விட்டு, வேறு நேரத்தில் வசதிபோல எடுத்துக்கொள்வதாக அதில் இருந்தது. வசதிபோல என்றால் யாருடைய வசதி என்று விளங்க எனக்கு இருபத்திரண்டு வருட பலெர்மோ போதும்.

"ஏன்?" என்றேன்.

"உனக்கு வியாழக்கிழமை தேவையில்லை என்று எனக்குத் தெரியும்" என்றாள் மகள். "அம்மாவை விட்டுப் போக உனக்கு மனமில்லை. எனக்கு எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வை."

எனக்கு உச்சியில் அடித்தது போலிருந்தது. தேவையில்லை. விட்டுப் போக மனமில்லை. நான் தொலைபேசிக்குள் சொன்ன அதே சொற்கள். பல்கலைக்கழகம், மருந்துக்கடை, பாதர் எல்லாரும் ஒரே ஊர். யாருக்கு யாரைத் தெரியாது? இங்கே தங்குவதற்கான அனுமதி, என் பெர்மெசோ, இந்த வேலையில் தொங்குகிறது. வேண்டாம் என்று சொன்னால் வேலை போகும், கையெழுத்து வைத்தால் கிழமையில் ஆறு நாளும் மூன்றாம் மாடியில் கிடக்க வேண்டும்.

வியாழக்கிழமை அறைக்குள் போனதும் அவள் வணக்கம் சொல்ல முன்னமே தொடங்கிவிட்டேன்.

"எவ்வளவு தந்தவை உனக்கு?"

"என்னக்கா?"

"நடிக்காதை. நான் சொன்னதைக் கொண்டுபோய் மருந்துக்கடைக்காரியிட்டை ஒப்பிச்சிருக்கிறாய். என்ர வியாழக்கிழமை போகப்போகுது. ஒற்றர் கதை சொல்லேக்கையே எனக்கு விளங்கினது. உன்னைத்தான் சொல்லியிருக்கிறாய்."

பதினைந்து பேரும் வாயில் வடையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முகம் சிவந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, சீறினாள்.

"மருந்துக்கடைக்காரம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. உங்க பேரைக்கூட நான் எழுதல. இந்தாங்க நோட்டு, பாருங்க. அப்புறம் ஒண்ணு சொல்றேன், கோபிச்சுக்காதீங்க. நீங்க சொன்னது பொய்னு எனக்கு அன்னைக்கே தெரியும். இங்க இருக்கிற அத்தனை பேரும் ஒரே பொய்யை, ஒரு வார்த்தை மாறாம சொன்னீங்க. எல்லாருக்கும் சிஞ்ஞோரா தாய் மாதிரி. ஒரு ஊருக்கு எத்தனை தாய்?"

ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு இன்னொருத்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொப்பியை வாங்கிப் பார்த்தேன். இலக்கங்கள்தான் இருந்தன. நான் ஒன்பதாம் இலக்கம். ஒன்பதுக்குப் பக்கத்தில் 'நம்பவில்லை' என்று எழுதியிருந்தாள். அவள் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அவள் இல்லை என்றால் யார்? மாற்று ஆள். அவள்தான். வேறு யாருக்கு இலாபம்? தேத்தண்ணியை வைத்துவிட்டு நாலு மணிக்கே எழும்பி நடந்தேன். படியேறி மூச்சிரைக்கக் கதவைத் திறந்தால், அவள் குசினியில் கதிரையில் இருந்து பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். சிஞ்ஞோரா நித்திரை.

"மகளிட்டை என்ன கதைச்சனீ?"

அவள் மேலே பார்த்தாள். "வந்திட்டியளோ? இண்டைக்கு அரை மணித்தியாலம் முந்திட்டியள்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் என்னத்தைக் கதைக்கிறது? எனக்கு அவவின்ர பாசை பாதிதான் விளங்கும். போன கிழமை அவ வந்தவ. நீங்கள் எத்தனை மணிக்கு வாறனீங்கள் எண்டு கேட்டா. அஞ்சுக்கு முந்தி எண்டு சொன்னன். ஒவ்வொரு கிழமையுமோ எண்டா. ஓம் எண்டன். அப்ப அவவுக்குப் போக இடமில்லையா, வியாழக்கிழமை தேவையில்லையா எண்டு சிரிச்சா. இந்தக் கிழமைக்குப் பிறகு நீ வரத் தேவையில்லை எண்டு எனக்கும் சொல்லிட்டா."

கைப்பையை மேசையில் வைத்தேன்.

"எனக்குத் தெரியும் அக்கா, நீங்கள் ஏன் ஓடி ஓடி வாறனீங்கள் எண்டு" என்றாள் அவள், பயற்றங்காயைப் பார்த்துக்கொண்டே. "நான் உங்கட சிஞ்ஞோராவைப் பைக்குள்ள போட்டுக்கொண்டு பஸ் ஏறப்போறனோ? இந்தக் கிழவி ஒரு மணித்தியாலத்தில இருபது தரம் கூப்பிடுது. சும்மா தந்தாலும் எனக்கு வேண்டாம்."

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. சொன்னது உண்மை என்பதால். யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு வியாழனும் ஐந்து மணிக்கு முன்னால் நானே வந்து கதவைத் திறந்து, எனக்கு இது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தேவையில்லை என்ற சொல்லை மகள் என் தொலைபேசிப் பொய்யிலிருந்து எடுக்கவில்லை, என் காலிலிருந்து எடுத்திருக்கிறாள். அமெரிக்காவில் தொழிலாளர் ஒருவரை ஒருவர் நம்பாமலிருக்க முதலாளி செலவழித்தானாம். இங்கே ஒரு செலவும் இல்லை. நானே இனாமாகச் செய்து கொடுத்திருக்கிறேன்.

"இப்ப என்ன செய்யிறது?" என்றேன். அவளிடம் கேட்டேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

"வெளியில போங்கோ. எட்டு மணிக்கு வாங்கோ."

"மகள் வந்தால்?"

"வரட்டும்."

போனேன். போவதற்கு இடமில்லாமல் போனேன். சந்தையில் மீன்காரர் பலகை கழுவிக்கொண்டிருந்தார்கள். துறைமுகப் பக்கம் நடந்தேன், திரும்பி நடந்தேன். மாற்று ஆள் சொன்னதெல்லாம் உண்மைதானா, அல்லது என்னை வெளியே அனுப்பிவிட்டு மகளோடு சேர்ந்து ஏதாவது செய்கிறாளா என்று வழி முழுக்க யோசித்தேன். ஆறு மணிக்கு மகளின் அழைப்பு வந்தது.

"எங்கே நிற்கிறாய்?"

"இன்று வியாழக்கிழமை" என்றேன்.

"அது தெரியும். எங்கே நிற்கிறாய்?"

"வியாழக்கிழமை" என்று திரும்பவும் சொல்லி வைத்துவிட்டேன்.

எட்டு மணிக்கு ஒரு நிமிடம்கூட முன்னால் போகவில்லை. போனபோது மகள் வரவேற்பறையில் இருந்தாள், தாளும் பேனாவும் மேசையில். மாற்று ஆள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் போகவில்லை, கதவடியில் நின்றாள்.

"நான் கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றேன். "அரைநாள் ஒப்பந்தத்தில் இருக்கிறது."

"அப்படியென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும்" என்றாள் மகள். கத்தவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிற குரல். "உங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்."

அது உண்மை. எத்தனையோ பேர் இருக்கிறோம். படுக்கையில் அன்றிரவு நான் எண்ணிப் பார்த்தேன், யார் யார் வருவார்கள் என்று. அறையில் இருக்கிற பதினைந்து பேரில் ஆறு பேரின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டு பேரின் மேல் நிச்சயம் இருந்தது.

மகள் சும்மா இருக்கவில்லை. கோயிலில் கேட்டிருக்கிறாள், தன் கடைக்கு வருகிற மற்றச் சிஞ்ஞோராக்களிடம் கேட்டிருக்கிறாள். மூன்று கிழமை நான் ஒவ்வொரு நாளும் பெட்டியைப் பாதி அடுக்கி வைத்தபடி வேலை செய்தேன். நாலாம் கிழமை அவள் என் குசினிக்கு வந்து, சுற்றிப் பார்க்காமல், நேரே என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ எல்லாரிடமும் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?"

"நான் ஒருவரோடும் கதைக்கவில்லை."

"நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் வருகிறேன் என்கிறார்கள், உடனே, வியாழக்கிழமை மட்டும் முடியாது என்கிறார்கள். நாலு பேரும் ஒரே சொல்லில். இது என்ன, சங்கமா?"

இல்லை, சங்கம் இல்லை. சத்தியமாக நான் ஒருவரையும் கேட்கவில்லை, எனக்கு அந்தப் புத்தியும் இல்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துத் திட்டியபோது பதினைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். கேட்டதை ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஒரு வீட்டில் வியாழக்கிழமை போனால் அடுத்த வீட்டிலும் தாள் வரும் என்று யாருக்கும் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை. என் மேல் அன்பில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அன்பு என்றால் நாளைக்கு மாறும்.

வருகிறேன் என்று சொன்ன நாலு பேர் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை முடியாது என்று சொன்னார்கள், சரி. ஆனால் என் இடத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்களே. அறையில் கேட்டால் ஒருத்திக்கும் ஒன்றும் தெரியாது.

தாள் மேசையிலிருந்து போய்விட்டது. யார் எடுத்தது என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருநாள் தொலைபேசியை என் பக்கம் இழுத்து வைத்து, எத்தனை மணிக்கு எழும்புகிறேன், எத்தனை மணிக்குப் படுக்கிறேன், இரவில் எத்தனை தரம் எழும்புகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். ஒன்பதுக்குப் பக்கத்தில் இருந்ததை அவள் வெட்டினாளா என்று பார்க்க விடவில்லை.

மாற்று ஆள் இப்போதும் வியாழக்கிழமை வருகிறாள். இத்தாலி மொழி நன்றாகப் பிடிபட்டுவிட்டது அவளுக்கு. சிஞ்ஞோரா அவளோடு சிரிக்கிறாள், படியிலேயே எனக்குக் கேட்கிறது. வயிறு எரிகிறது. எரிந்தாலும் எட்டு மணி மட்டும் வெளியே நிற்கிறேன். ஐந்திலிருந்து எட்டு வரை என்ன செய்வதென்று இன்னும் பழகவில்லை. போன கிழமை பஸ் ஏறி ஸ்ஃபெர்ராகவால்லோ மட்டும் போய், கடலடியில் ஒரு வாங்கில் சும்மா இருந்துவிட்டு வந்தேன். குளிராக இருந்தது. மூன்று தரம் மணி பார்த்தேன். எழும்பவில்லை.